வாசகர் கேள்வி – பதில்: பால்கனிக்குப் போன மரச் சாமான்கள்

வீட்டுப் பராமரிப்பு குறித்த இந்தப் பகுதிக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கடத்தைச் சொல்கின்றன. ஊரில் விசாலமான வீட்டுக்கென்று செய்த மரச் சாமான்கள், அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்ததும் கூடத்தில் இடமில்லாமல் பால்கனிக்குப் போகின்றன. ஓராண்டு ஆவதற்குள் அவற்றின் நிறமும் மூட்டும் கெட்டுவிடுகின்றன. ஆகவே இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மாமனார் காலத்தில் செய்த தேக்கு நாற்காலிகள் நான்கும் ஒரு சிறு மேசையும் எங்களிடம் உள்ளன. இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். இடம் போதாததால் பொங்கலுக்குப் பிறகு அவற்றை மேற்குப் பார்த்த பால்கனியில் போட்டோம். வைகாசி முடிவதற்குள் கைப்பிடிகளில் பாலிஷ் வெளுத்துச் செதில் செதிலாக உரிகிறது. மேசைப் பலகையில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடியிருக்கிறது. இத்தனைக்கும் அவற்றின்மேல் இதுவரை மழையே படவில்லை. மேலே ஒரு கை வார்னிஷ் அடித்துவிட்டால் போதுமா?
— ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: போதாது. மழை படவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேற்பக்கம் அடித்த அன்றைக்கே அடித்த அதே பாலிஷ், அடியில் வழவழப்புக் குறையாமல் பழைய நிறத்தோடு இருக்கும். வெயில் விழுந்த இடம் மட்டுமே உரிந்திருக்கும்.

மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளை வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. வீட்டுக்குள் புழங்கும் சாமான்களுக்கு அடிக்கும் பாலிஷ் ஒளியைத் தடுக்காது என்பதால், கதிர் அதைக் கடந்து சென்று அடியிலுள்ள மரத்தின் மேற்பரப்பைத் தாக்குகிறது. பற்றிக்கொள்ள வலுவான நார் இல்லாமல் போனதும் பாலிஷ் படலம் தானாகக் கழன்று வருகிறது. உரிந்த செதில் ஒன்றை எடுத்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். மாவுபோல் மெல்லிய மரத்தூள் அதில் ஒட்டியிருக்கும். அந்தத் தூளின்மேல் புதிய வார்னிஷ் அடித்தால், அது மரத்தைப் பிடிக்காமல் தூளையே பிடித்துக்கொண்டு, அடுத்த கோடைக்குள் சேர்ந்தே உதிரும்.

வெடிப்புக்குக் காரணம் வேறு. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை வாங்கவும் விடவும் செய்யும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் இடத்தில் நெடுநாள் கிடந்தால் மரத்துக்குள் ஏறத்தாழ 16 சதவீத ஈரம் தங்கும். காற்று 30 சதவீதத்துக்கு வறண்டால் அது 6 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் பலகை நீளவாட்டில் அநேகமாக மாறுவதில்லை, அகலவாட்டில் மட்டும் விரிந்து சுருங்குகிறது. ஓர் அடி அகலத் தேக்குப் பலகையில்கூட இது சில மில்லிமீட்டர் வரும். நம் பக்கத்தில் பங்குனி, சித்திரை மதியங்களில் வீசும் காற்று எவ்வளவு வறண்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குள் இந்த மாற்றம் மெல்ல நடக்கும். பால்கனியில் மேற்பக்கம் வெயிலில் காய, அடிப்பக்கம் நிழலில் பழைய ஈரத்தோடு இருப்பதால், இரண்டுக்கும் நடுவில் இழுபறி ஏற்பட்டுப் பலகை வெடிக்கிறது. மேற்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்து அடிப்பக்கத்தை வெறுமனே விட்டாலும் இதே இழுபறிதான். பலகை ஒருபக்கமாக வளைந்துவிடும்.

ஆகவே முதல் வேலை நிழல். மேற்குப் பார்த்த பால்கனிக்கு மேல் தளத்தின் நீட்டம் ஓரளவுக்கு மேல் உதவாது, ஏனெனில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் அந்த நீட்டத்துக்கு அடியில் புகுந்து சுவர்வரை வந்துவிடும். செங்குத்தாகத் தொங்கும் மறைப்புதான் அதைத் தடுக்கும். மூங்கில் தட்டி நல்லது; அது கிடைக்காவிட்டால் ஓசூர்ப் பக்கத்து நர்சரிகளில் செடிகளுக்குக் கட்டுகிறார்களே, அந்த நிழல்வலையில் 75 சதவீத வகையை வாங்கிக் கட்டுங்கள். வலையில் காற்று தடையின்றிப் போய் வருவது கூடுதல் நன்மை. பிளாஸ்டிக் திரை வெயிலை ஒரு பக்கம் தடுத்தாலும் வெக்கையை உள்ளேயே அடைத்து வைக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவதாக, பழைய பாலிஷ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து ஒரு நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், பிசுபிசுவென்று இளகினால் அது அரக்குப் பாலிஷ். உங்கள் மாமனார் காலத்துச் சாமான் என்பதால் அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பி.யு. வகை. அரக்குப் பாலிஷ் வீட்டுக்குள் எத்தனை அழகாக இருந்தாலும் வெளியே தாக்குப்பிடிக்காது: சூடு பட்டால் இளகும், தண்ணீர் பட்டால் வெள்ளை பூக்கும். எனவே உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முயலாமல், முழுவதையும் நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே சரி.

120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 180, 220 என்று போங்கள். ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். சாம்பல் பூத்த தோல் முழுவதும் போய், தேக்கின் தேன் நிறம் தெரியும்வரை தேய்ப்பதுதான் அளவு. தேக்குத் தூள் சிலருக்குத் தோலிலும் மூக்கிலும் எரிச்சல் தரும், ஆகவே முகக்கவசம் அவசியம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், பூச்சு அடிப்பதற்குச் சற்று முன்பாகத் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் வார்னிஷ் நாள்கணக்கில் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். டப்பாவின் மேல் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரியது, புற ஊதாக் கதிரைத் தடுப்பது என்று அச்சிட்டிருக்கும் வார்னிஷையே கேட்டு வாங்குங்கள். முதல் கையைத் தளர்வாகக் கலந்து மரத்துக்குள் இறங்க விட்டு, அதன்பின் மூன்று கை அடியுங்கள். ஒவ்வொரு கைக்கும் நடுவில் நன்றாகக் காயவிட்டு 320 நம்பர் தாளால் மெல்லத் தேய்த்துத் துடைக்க வேண்டும். அடிப்பக்கம், கால்களின் நுனி, பலகையின் வெட்டுமுகம் எதையும் விடக்கூடாது. வெயிலில் சூடேறிக் கிடக்கும் பலகையில் அடித்தால் கொப்புளம் வரும் என்பதால் காலை வேளையில் நிழலில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், மேற்கு வெயிலில் தெளிவான வார்னிஷ் என்றென்றும் நிற்காது. ஆண்டுக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து ஒரு கை அடித்தே ஆகவேண்டும். நிறமி கலந்த பெயின்ட் ஒளியை முற்றிலும் தடுப்பதால் அதுதான் நெடுநாள் காக்கும்; ஆனால் மாமனார் காலத்துத் தேக்கின்மேல் பச்சை எனாமல் அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் யோசனை இதுதான்: உங்கள் கூடத்திலும் படுக்கையறையிலும் இருப்பவற்றை ஒருமுறை கணக்கெடுங்கள். இரும்பு ஸ்டூல், எவர்சில்வர் அண்டா, தகரப் பெட்டி போன்று வெயிலைத் தாங்கக்கூடிய சாமான் ஏதேனும் உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றைப் பால்கனிக்கு அனுப்பிவிட்டுத் தேக்கை உள்ளே எடுங்கள். நான்குக்கும் இடமில்லை என்றால், இரண்டு நாற்காலிகளையாவது மேசையோடு உள்ளே வைத்துக்கொண்டு, மற்ற இரண்டை மட்டும் மேற்சொன்ன பூச்சோடு வெளியே போடுங்கள்.

கேள்வி: எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. வடக்கே வெயில் விழாது, ஆகவே மரச் சாமான் வைக்கலாம் என்று வீட்டு உரிமையாளர் சொல்கிறார். சரியா?
— ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: பாதி சரி. நம் மாவட்டங்கள் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வெயில் வடகிழக்கு, வடமேற்கு மூலைகளிலிருந்து சாய்வாக உள்ளே வரும். மற்ற எட்டு மாதங்களும் பெரும்பாலும் நிழல்தான். நான்கு திசைகளில் மரத்துக்கு வடக்கே உத்தமம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்றோடு வரும் சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தெற்குப் பால்கனிக்குக் கோடையில் தொல்லை குறைவு, மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் ஆழமாக உள்ளே வரும். கிழக்கில் காலை வெயில். மரம் அதிகம் சூடேறாது என்றாலும் நிறம் வெளுப்பது வெளுக்கத்தான் செய்யும்.

கேள்வி: ஓசூரில் கடையில் வாங்கிய செருப்பு அலமாரியைப் பால்கனியில் வைத்திருந்தோம். அடிப்பலகை ஊறிப் பொரிபோல உப்பிவிட்டது. வெயிலில் காய வைத்தால் பழைய நிலைக்கு வருமா?
— ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வராது. அது மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு. தண்ணீர் குடித்ததும் தூள்கள் விரிந்து பசைப் பிடிப்பை அறுத்துக்கொள்கின்றன. ஈரம் வற்றினாலும் அறுந்த பிடிப்பு மீண்டும் சேராது. எம்.டி.எப். பலகைக்கும் இதே கதிதான். அடிப்பலகையை மட்டும் மாற்ற முடிந்தால் பிளைவுட் போட்டு மாற்றுங்கள். அதிலும் எம்.ஆர். என்று குறித்த சாதாரண வகை வேண்டாம், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் கேளுங்கள், அதில் அடுக்குகளை ஒட்டும் பீனால் பிசின் தண்ணீரில் கழலாது. பசை கழலாது என்பதால் மேல் அடுக்கும் வெயிலைத் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கும் பெயின்ட் தேவை, முக்கியமாக வெட்டிய விளிம்புகளுக்கு. அலமாரியை மறுபடி பால்கனியில் வைக்கப் போகிறீர்கள் என்றால், இந்தச் செலவுக்குப் பதில் ஓர் இரும்பு அடுக்கு வாங்கிக்கொள்வது லாபம்.

கேள்வி: மழைக்காலம் தொடங்கியதும் பால்கனியிலுள்ள சோபாவைத் தார்ப்பாயால் இறுக மூடிக் கயிறு கட்டிவிட்டோம். ஒரு மாதம் கழித்துப் பிரித்தபோது முழுவதும் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பிடித்திருந்தது. ஒரு சொட்டு மழையும் உள்ளே போகவில்லை. பிறகு எப்படி?
— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வெளியிலிருந்து தண்ணீர் போகாத அந்த ஏற்பாடே, உள்ளிருந்து ஈரம் வெளியேறவும் வழியில்லாமல் செய்துவிட்டது. மூடிய நாளில் சோபா கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் மரத்திலும் மெத்தையின் பஞ்சிலும் ஈரம் இருந்திருக்கும். பகலில் தார்ப்பாய் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, இரவில் குளிர்ந்ததும் பாயின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து மறுபடி மரத்தின்மேலேயே சொட்டுகிறது. அதிகாலையில் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கி உட்புறத்தைக் கையால் வழித்துப் பார்த்தால் உள்ளங்கை நனைந்துவிடும். பூசணத்துக்கு இந்தப் புழுக்கமே போதும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால், மரத்தையே தின்று மக்கச் செய்யும் காளான் வகைகளும் வரத் தொடங்கும். அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை என்பதை ஒரு குத்தூசியால் அறியலாம்: கால்களிலும் மூட்டுகளிலும் குத்திப் பாருங்கள், ஊசி எளிதாக இறங்காமல் தடுத்தால் மரம் நலமாக இருக்கிறது.

இப்போதுள்ள பூசணத்தை வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள். மெத்தைகளைக் கழற்றிவிட்டு, முகக்கவசம் அணிந்து, வெளியிலேயே பிரஷ்ஷால் துடைத்தெடுத்துச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் நன்றாக உலரவிடுங்கள். இனிமேல் மூடும்போது தார்ப்பாய் சோபாவைத் தொடக்கூடாது. சுவரின் மேலே ஒரு கம்பியும் கைப்பிடிச் சுவரில் ஒரு கம்பியும் கட்டி, அவற்றின்மேல் சாய்வாகப் போட்டுக் கீழே ஒரு முழம் திறந்து விடுங்கள். மழை விட்ட நாளில் பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் மழை பெறும் மாவட்டங்கள் நம்முடையவை என்றாலும், இடையிடையே நல்ல வெயில் நாள்கள் கிடைக்கின்றன, அவற்றை வீணாக்கக்கூடாது. மெத்தையைப் பொறுத்தவரை எந்த மூடியையும் நம்பாதீர்கள். இரவில் உள்ளே எடுத்து வைப்பதே வழி.

கேள்வி: எங்கள் மாடிப் பால்கனியில் பலாப்பலகை ஊஞ்சல் போட்டிருக்கிறோம். பலகையின் இரு முனைகளிலும் சங்கிலித் துளையை ஒட்டி வெடிப்பு விழுந்திருக்கிறது, துளையைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுப்பாகவும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிப்பு நிற்கும் என்கிறார்கள்.
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, ஊஞ்சலுக்கு ஆகாது. அது காற்றுப் பட்டு இறுகுவதில்லை. பிசுக்காகவே நின்று தூசியை ஈர்த்து, நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், புடவையிலும் கறை ஏறும். மரத்துக்கு வேண்டியது காய்ந்து இறுகும் எண்ணெய். பெயின்ட் கடைகளில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேட்டால் தரும் ஆளிவிதை எண்ணெய் அந்த வகை. ஆனால் அதைத் தடவுவதற்கு முன் இரண்டு குறைகளைச் சரிசெய்ய வேண்டும்.

மரம் தண்ணீரைக் குடிப்பது பெரும்பாலும் ரேகை முடியும் வெட்டுமுகத்தின் வழியாகத்தான். பலகையின் மேல்முகத்தைவிட அதன் முனை பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும், அதே வேகத்தில் விடவும் செய்யும். முனையும் சங்கிலித் துளையின் உட்சுவரும் வெறுமனே இருந்தால், சாரல் அடிக்கும்போதெல்லாம் அங்கே மட்டும் மரம் உப்பி, வெயிலில் அங்கே மட்டும் சுருங்கி, முதல் வெடிப்பு அங்கேதான் விழும். பஞ்சு சுற்றிய குச்சியால் துளைக்குள்ளும், பிரஷ்ஷால் முனையிலும், மரம் இனி குடிக்காது என்று தெரியும்வரை தளர்வாகக் கலந்த வார்னிஷைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள்.

அடுத்து ஊஞ்சலின் அடியில் குனிந்து பாருங்கள். பலகை வளையாமலிருக்கக் குறுக்குச் சட்டம் அடித்திருப்பார்கள். சட்டத்தின் முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் திருகாணியும் முறுக்கியிருந்தால், பலகை அகலவாட்டில் சுருங்க இடமில்லாமல் வேறு வழியின்றி வெடிக்கும். தெரிந்த தச்சர் பசை போடமாட்டார். நடுவில் ஒரு திருகாணியை இறுக்கிவிட்டு, ஓரத்துத் திருகாணிகளுக்குச் சட்டத்தில் நீள்வட்டத் துளை போட்டு வாஷரோடு அளவாக முறுக்குவார். பலகை அசைந்தால் திருகாணி அந்தத் துளைக்குள் நகர்ந்து கொடுக்கும். உங்கள் ஊஞ்சலில் அப்படி இல்லையென்றால் சட்டத்தைக் கழற்றி மாற்றச் சொல்லுங்கள். இது அரை நாள் வேலை. பலகையின் ஆயுளை நீட்டுவதில் எந்தப் பூச்சும் இதற்கு ஈடாகாது.

கறுப்புக் கறை இரும்பினால் வந்தது. மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்புத் துருவும் ஈரத்தில் கலந்தால் மைபோன்ற கறுப்பு உண்டாகும். துருப்பிடிக்காத எஸ்.எஸ். வளையத்துக்கோ பித்தளைக்கோ மாறினால் இனிப் புதிய கறை வராது. இருப்பதைப் போக்க ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, அரை லிட்டருக்கு 25 கிராம் அளவில், கறையின்மேல் தடவிக் காயவிட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவித் துடையுங்கள். அது நஞ்சு, கையுறை அவசியம், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், கழுவாமல் உப்புத்தாளால் தேய்த்து அந்தத் தூளைச் சுவாசிக்கவும் கூடாது.

எல்லாம் உலர்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தடவி, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்தெடுங்கள். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும். சுருண்டு கிடக்கும் துணிக்குள் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகத் தீப்பற்றுவது உண்டு. ஒற்றையாகக் கொடியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். வேலையோடு வேலையாக மேல்தளத்துக் கொக்கியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதைச் சுற்றித் துரு ஒழுகிய தடமோ காரையில் வெடிப்போ தெரிந்தால், பலகையைப் பற்றிய கவலையைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் ஊஞ்சலைக் கழற்றுங்கள்.

கேள்வி: பெஞ்சின் கால்கள் தரையில் படாமலிருக்க ரப்பர் புஷ் மாட்டினோம். இப்போது புஷ்ஷைக் கழற்றினால் காலின் நுனி சொதசொதவென்று கையோடு பிய்ந்து வருகிறது.
— ஒரு வாசகர், அரூர்

பதில்: கிண்ணம்போல் காலைச் சுற்றிப் பிடிக்கும் புஷ், வீட்டுக்குள் தரையில் கீறல் விழாமலிருக்கச் செய்தது. பால்கனியில் அதற்குள் வழியும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல், வெட்டுமுகம் இரவும் பகலும் அதில் ஊறிக்கொண்டே இருக்கும். நாள்தோறும் காலையில் வாளித் தண்ணீர் விட்டுப் பால்கனியைக் கழுவும் வீடுகளில் மழைக்காலம் வரவேண்டும் என்பதுகூட இல்லை. ஆண்டு முழுவதும் அந்தக் கால்களுக்கு மழைதான்.

இற்றுப்போன பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்துவிட்டு, நான்கு கால்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெட்டுமுகத்தில் எபாக்ஸிப் பசையை மெல்லியதாகப் பூசி மூடிவிடுங்கள். பிறகு அடியில் மட்டும் பதியும் நைலான் குமிழ்களை அடித்துக்கொள்ளலாம். அதைவிட எளிதான வழி நம் ஊரிலேயே இருக்கிறது: கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் கழிவாக ஒதுக்கும் துண்டுகளில் உள்ளங்கை அகலத்தில் நான்கை எடுத்துவந்து கால்களுக்கு அடியில் வையுங்கள். முக்கால் அங்குல உயரம் கிடைத்தாலே தரைத் தண்ணீர் காலைத் தொடாது. கால்களில் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூசணம் என்று பயப்பட வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு அது, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தால் போய்விடும்.

கேள்வி: தோப்பில் காய்ப்பு நின்ற மாமரத்தை வெட்டி அறுத்து, அந்தப் பலகையில் பால்கனிக்கு ஒரு பெஞ்சு செய்தோம். ஆறு மாதமாகப் பெஞ்சின் அடியில் மாவுபோல் தூள் கொட்டுகிறது. மருந்து உண்டா?
— ஒரு வாசகர், பர்கூர்

பதில்: கொட்டுவது மரத்துளைக்கும் வண்டின் வேலை. பெஞ்சின் அடியில் கறுப்புத் தாள் விரித்து இரவெல்லாம் விட்டு, காலையில் புதுத் தூள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். மாமரம் பழத்துக்குக் காட்டும் தாராளத்தைப் பலகைக்குக் காட்டுவதில்லை. தேக்கின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள கெட்டியான உள்மரத்தில், பூச்சியை விரட்டும் பொருள்கள் இயற்கையாகவே உண்டு, மாவில் அவை இல்லை. பட்டையை ஒட்டிய, மாவுச்சத்து நிறைந்த வெளிர்மரத்தைத்தான் வண்டு தேடி வருகிறது. தேக்காக இருந்தாலும் வெளிர்மரம் கலந்திருந்தால் அந்த இடத்தில் இதே தொல்லை வரும்.

போராக்ஸும் போரிக் அமிலமும் சேர்ந்த கரைசலை மரம் ஏற்கும்வரை பலமுறை பூசுவது, பூச்சியையும் பூசணத்தையும் சேர்த்துத் தடுக்கும் பழக்கப்பட்ட முறை. அந்த உப்பு மரத்துக்குள் ஈரத்தோடு பரவிச் செல்லும் என்பது அதன் பலம். மழைத் தண்ணீரில் அப்படியே கரைந்து வெளியேறிவிடும் என்பது அதன் பலவீனம். ஆகவே கரைசல் நன்றாகக் காய்ந்ததும் பெயின்டோ வார்னிஷோ அடித்து மூடாவிட்டால் செய்த வேலை ஒரு மழைக்காலத்துக்கே சரி. கிராமங்களில் கழிவு ஆயில் தடவும் வழக்கம் உண்டு; வேலிக் கம்பத்துக்கு அது சரி, மனிதர் உட்காரும் பெஞ்சுக்கு வேண்டவே வேண்டாம். இத்தனை சிரமத்துக்குப் பதில் அந்தப் பெஞ்சை மருந்து பூசி வீட்டுக்குள் போட்டுக்கொண்டால் மாம்பலகையும் பல காலம் உழைக்கும்.

கேள்வி: நேற்று அடித்த திடீர் மழையில் நாற்காலிகள் முழுக்க நனைந்துவிட்டன. இன்று நல்ல வெயில். மொட்டை மாடியில் காயவைக்கலாமா?
— ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: வேண்டாம். ஒருமுறை நனைந்ததால் மரம் கெடாது, நனைந்த மரத்தைச் சுடுவெயிலில் வதக்குவதால்தான் மூட்டு கழலும், பலகை முறுக்கும். முதலில் உலர்ந்த துணியால், முக்கியமாக மூட்டு இடுக்குகளிலும் இருக்கையின் அடியிலும் நிற்கும் தண்ணீரை ஒற்றி எடுங்கள். பிறகு நாற்காலிகளைப் பக்கவாட்டில் சாய்த்து, கால்களின் நுனிக்குக் காற்றுப் படும்படி நிழலான இடத்தில் வையுங்கள். மின்விசிறி ஓடினால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று நாள் போகட்டும். அதற்குள் உட்கார்ந்து ஆட்டாதீர்கள், ஈரத்தில் வெள்ளைப் பசை இளகியிருக்கும். நன்றாக உலர்ந்த பின்னும் மூட்டு ஆடினால், ஆணி அடித்து நிறுத்தப் பார்க்காமல், மூட்டைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் தாங்கும் மெரைன் வகைப் பசை போட்டு, கயிறு சுற்றி இறுக்கி ஒரு நாள் விட்டுவைக்கும்படி தச்சரிடம் சொல்லுங்கள்.